மூன்று மாதத்தில் எழுந்த கற்கோட்டை

வியட்நாம் நாட்டின் ஹனோய் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால், தான் ஹோவா மாகாணத்திலே, மா நதிக்கும் புவோய் நதிக்கும் இடைப்பட்ட ஒரு சமவெளியை அடையலாம். சுற்றிலும் சுண்ணக்கல் மலைகள். நடுவே பச்சைப் பசேலென்ற வயல்வெளி. அவ்வயல்களின் மத்தியில் திடீரெனக் கரிய கல்மதில் ஒன்று எழுந்து நிற்கிறது. தெற்கு வாயிலுக்கு மூன்று வளைவுகள். அகலம் ஏறத்தாழ 38 மீட்டர். வளைவுக் கற்கள் ஒவ்வொன்றும் தோடஞ்சுளை போல ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் செதுக்கப்பட்டு, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சாந்து பூசி ஒட்டிய கற்கள் அல்ல அவை. தம் பாரத்தினாலேயே 600 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பவை.

வாயிலைக் கடந்து உள்ளே செல்பவர், அரண்மனையும் கொலுமண்டபமும் காண்போம் என்ற எண்ணத்தோடு செல்வாராயின் ஏமாந்தே போவார். உள்ளேயும் வயல்தான்! ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 870 முதல் 880 மீட்டர் வரை நீண்ட அச்சதுரத்தினுள்ளே நெல் விளைகிறது, எருமை மேய்கிறது. தலையிழந்த இரு கல் நாகங்கள் மட்டும், படிவரிசையின் கைப்பிடிகளாய் ஒருகாலத்தில் இருந்தவை, புல்லிடையே நீண்டு கிடக்கின்றன.

இக்கோட்டையை 2011-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் இதைக் கட்டுவித்தவனைப் பற்றி அந்நாட்டார் இன்றும் ஒருமனப்பட்டுப் பேசுவதில்லை. சிலர் அவனை அரசைத் திருடியவன் என்பர். சிலர் காலத்தை முந்திப் பிறந்த சீர்திருத்தக்காரன் என்பர். ஹோ குவி லி என்பது அவன் பெயர். அவன் கதை கேட்கத் தகுந்த கதை.

1336-ஆம் ஆண்டளவில் இதே தான் ஹோவாப் பகுதியில் அவன் பிறந்தான். அவனுடைய முன்னோர் பத்தாம் நூற்றாண்டிலே சீன தேசத்திலிருந்து வந்து குடியேறியவர் என்று வரலாறு கூறும். பின்னாளில் அவ்வழியில் வந்த ஒருவர் லே என்னும் குடும்பத்துக்குச் சுவீகாரம் போனமையால், குவி லியும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் லே குவி லி என்றே அழைக்கப்பட்டான். சாதாரணக் குடும்பந்தான், ஆனால் அவன் தந்தையுடன் பிறந்த சகோதரிகள் இருவர் திரான் வம்சத்துப் பேரரசன் மின் தோங்கின் மனைவியராயினர். அவர்கள் வயிற்றிற் பிறந்த பிள்ளைகள் பின்னர் அரியணை ஏறினர். ஆகவே அரசர்கள் அவனுக்கு அத்தை பிள்ளைகள். இந்த உறவொன்றே அரண்மனைக் கதவுகளை அவனுக்குத் திறந்துவிடப் போதுமானதாயிருந்தது. 1371-ஆம் ஆண்டிலே பேரரசன் ஙே தோங், கைம்பெண்ணாயிருந்த தன் சகோதரியையும் அவனுக்கு மணமுடித்து வைத்தான்.

திரான் வம்சம் சாமானியமான வம்சமன்று. 1225-இல் அரசு பெற்ற அவ்வம்சத்தார், உலகையே நடுங்கவைத்த மொங்கோலியப் படைகளை 1258, 1285, 1288 ஆகிய மூன்று தடவைகளிலும் திருப்பி ஓட்டியவர்கள். ஆனால் நூறாண்டு கழிவதற்குள் அந்த வீரம் எங்கே போயிற்றோ தெரியாது. இளவரசர்கள் பரந்த நிலங்களையும் ஆயிரக்கணக்கான அடிமைகளையும் வைத்துக்கொண்டு சுகித்திருந்தார்கள். பஞ்சம் வந்தது, கலகம் வந்தது. இவை யாவற்றினும் பெரியதாய்த் தெற்கிலிருந்து சம்பா வந்தது.

சம்பா என்றதும் நம்மவர் சிறிது நின்று கவனிக்க வேண்டும். இன்றைய மத்திய வியட்நாமின் கரையோரத்திலே சிவலிங்கம் நாட்டிக் கோயிலெடுத்து, வடமொழியிற் கல்வெட்டுப் பொறித்த அரசு அது. மீ சோன் பள்ளத்தாக்கின் செங்கற் கோயில்கள் அதன் பழம்பெருமைக்குச் சான்று. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சே போங் ஙா என்னும் மாவீரன் ஆண்டான். அவன் 1371-இல் கடல்வழியாக வந்து, இன்று ஹனோய் எனப்படும் தாங் லோங் தலைநகரைச் சூறையாடி எரித்தான். ஆத்திரமடைந்த பேரரசன் துவே தோங் 1377-இல் தானே படைநடத்திச் சென்று சம்பாவின் தலைநகர் வாயிலிலே மாண்டான். அதே ஆண்டிலும் மறு ஆண்டிலும் தாங் லோங் மறுபடியும் கொள்ளை போயிற்று.

இப்போர்களில் குவி லி வீரப்புகழ் பெற்றானா என்றால், அவன்மீது அன்புள்ளவர்களும் அப்படிச் சொல்லத் தயங்குவர். 1377-இல் உணவு வழங்கும் பொறுப்பிலிருந்த அவன், அரசன் மடிந்த செய்தி கேட்டதும் திரும்பி ஓடிவந்தான். 1380-இல் தன் சொந்த மாகாணத்திலே பகைவரைத் தடுத்து நிறுத்தினான். 1389-இலோ பெருந்தோல்வியுற்றுத் தலைநகருக்கு மீண்டான். மறு ஆண்டு சே போங் ஙாவை வீழ்த்தியவன் திரான் காத் சான் என்னும் வேறொரு சேனாபதி. சம்பாப் படையிலிருந்து தண்டனைக்கஞ்சி ஓடிவந்த ஒருவன், அரசனுடைய பச்சைவர்ணக் கப்பலைச் சுட்டிக்காட்ட, வியட்நாமியர் அதன்மீது வெடிக்கருவிகளைப் பிரயோகித்தனர். அத்துடன் அந்தத் தென்திசைப் புயல் ஓய்ந்தது. திரான் காத் சானின் பெயரை வாசகர் மறந்துவிடலாகாது. பின்னர் அவனை வேறோர் இடத்திற் காண்போம்.

போர்க்களத்திலே சோபிக்காதவன் அரசவையிலே சோபித்தான். அரசைப் பிள்ளைக்கோ தம்பிக்கோ கொடுத்துவிட்டு, மேலேயிருந்து ஆட்டிவைப்பது திரான் அரசர்களின் வழக்கம். ஙே தோங்கும் 1372 முதல் அவ்வாறு முதுபேரரசனாய் இருந்து, தன் தாய்மாமன் பிள்ளையான குவி லியின் கண்களாலேயே உலகைப் பார்த்தான். 1388-இல் இளம் பேரரசன் ஒருவன் குவி லியை ஒழிக்க எண்ணினான். விஷயம் வெளிப்பட்டது. ஙே தோங் தன் தம்பி மகனான அந்த அரசனையே நீக்கிக் கொல்வித்து, தன் இளைய குமாரன் துவான் தோங்கை அரியணையில் இருத்தினான். புதிய அரசனுக்கு மனைவியாக வாய்த்தவள் குவி லியின் புதல்வி.

1394-இல், மரணம் நெருங்குவதை உணர்ந்த கிழவன், ஓவியம் ஒன்று எழுதுவித்துக் குவி லிக்குப் பரிசளித்தான். இளம் அரசர்களைக் கண்ணிமைபோற் காத்த நால்வரின் படம் அது. மூவர் சீன தேசத்து மந்திரிகள், ஒருவர் வியட்நாம் மந்திரி. கொடுத்ததோடு நில்லாமல், என் மகன் உதவிக்குத் தகுந்தவனாயின் உதவு, தகாதவனாயின் நீயே அரசை எடுத்துக்கொள் என்ற கருத்துப்படவும் பேசினான். குவி லி தலைப்பாகையைக் கழற்றிவைத்துக் கண்ணீர் சொரிந்து, விசுவாசப் பிரமாணம் செய்தான். அந்தக் கண்ணீர் உண்மையா பொய்யா என்பது அவனுக்கே வெளிச்சம்.

கிழவன் கண்மூடியதும் குவி லியின் கைகள் கட்டவிழ்ந்தன. அடுத்து வந்த சில ஆண்டுகளில் அவன் செய்தவற்றைப் பார்த்தால், இவ்வளவும் ஒரு மனிதன் மனத்தில் எத்தனை காலம் அடங்கிக் கிடந்தனவோ என்று வியக்கத் தோன்றும். 1396-இல் செப்புக் காசுகளை விலக்கிக் கடதாசிப் பணத்தை நாட்டில் வழங்கச் செய்தான். சிறிய தாளிற் பாசியின் சித்திரம், அதற்கடுத்ததில் அலை, பின்னர் மேகம், ஆமை, கீலின் என்னும் கற்பனை விலங்கு, பீனிக்ஸ் பறவை, யாவற்றிலும் பெரிய தாளில் நாகம். படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து மதிப்பறியலாம். ஒரு பங்கு காசு கொண்டுவருவோர்க்கு ஒன்றேகாற் பங்குக்குச் சற்றுக் குறைவான தாள் கொடுக்கப்பட்டது. கள்ளத்தாள் அடிப்பவனுக்கு மரணதண்டனை. செம்பு அரசாங்கத்தின் பண்டகசாலையிற் குவிந்தது. மக்களோ தாளைத் தொடவும் அஞ்சினர். தலைமுறை தலைமுறையாய்க் கிணுகிணுத்த காசைக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தாற் கரைந்துபோகும் ஒன்றை வாங்கிக்கொள் என்றால் எந்தக் குடியானவன்தான் மகிழ்ந்து வாங்குவான்?

மறு ஆண்டு நிலத்திற்கு உச்சவரம்பு விதித்தான். மிகப் பெரிய பிரபுக்களும் இளவரசியரும் தவிர்ந்த எவரும் பத்து மௌ நிலத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது, எஞ்சியது அரசுக்குரியது. ஐம்பது வயதுக்குட்பட்ட துறவிகள் மடங்களை விட்டுக் குடும்ப வாழ்வுக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டனர். மாகாணங்களிற் பாடசாலைகள் அமைக்கவும் ஆணை பிறந்தது. சீன சாத்திரங்களில் ஊறிய பண்டிதர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி, கன்பூசியஸின் வாக்கையே ஐயுற்று நூலெழுதினான். பழஞ்சீன நூலின் பகுதியொன்றைத் தாய்மொழியிலே, நோம் எழுத்தில் பெயர்த்தும் வைத்தான். பின்னாளில் உத்தியோகப் பரீட்சைகளிற் கணிதமும் சேர்ந்தது. அக்காலத்து ஆசிய அரசர்களுள் இத்தகைய மனமுடையவர் மிகச் சிலரே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சீர்திருத்தங்களோடு நின்றானா? இல்லை. 1397-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோ தின் என்னும் அதிகாரியைத் தான் ஹோவாவுக்கு அனுப்பி, ஆன் தோன் என்னும் இடத்தில் புதிய தலைநகருக்குக் கோட்டை எழுப்பப் பணித்தான். தாங் லோங் சம்பாக் கப்பல்களுக்கு மும்முறை இரையான நகர். அதனினும் முக்கியமாய், திரான் வம்சத்தின் மீது பற்றுடையோர் நிறைந்த நகர். தான் ஹோவாவோ அவன் பிறந்த மண். ஙுயென் ஞூ துயெத் என்னும் அதிகாரி துணிந்து எதிர்த்துரைத்தான். ஆன் தோன் ஒடுங்கிய மூலை, நீரின் முடிவிலும் மலையின் தலைப்பிலும் கிடப்பது, கலகக்காலத்துக்கு ஒளிந்திருக்க உதவுமேயன்றி நாடாள உதவாது என்பது அவன் வாதம். குவி லி கேட்கவில்லை.

மூன்றே மாதத்தில் மதில் எழுந்தது! சராசரிக் கல்லே ஒன்றரை மீட்டர் நீளம். பெருங்கற்கள் 15 முதல் 20 தொன் வரை எடையுள்ளவை. மிகப் பெரியது 26 தொன் என்பர். அருகிலுள்ள மலையிற் கல் வெட்டிய இடத்தை ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துள்ளனர். உருண்டையாய்ச் செதுக்கிய கற்கோளங்களும் அகழ்வில் வெளிப்பட்டன. அவற்றைப் பெருங்கற்களின் கீழ் உருளைகளாக இட்டு நகர்த்தினர் போலும். வெளிப்புறம் செங்குத்தான கல்மதில். உட்புறம் அதைத் தாங்கச் சரிவாய்த் திணித்த மண்மேடு. செங்கற்களிலே அவற்றைச் சுட்டனுப்பிய ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஊர் எத்தனை கொடுத்தது என்று கணக்கெடுப்பதற்கு அந்த முத்திரை. அவ்வூர்ப் பெயர்களைப் பார்க்கும்போது, நாடெங்குமிருந்து அந்த மூன்று மாதத்துக்கு இழுத்துவரப்பட்ட மனிதரின் முதுகுகளே நம் கண்முன் வருகின்றன.

கிழக்கு மதிலின் அருகே ஒரு சிறு கோயில் உண்டு. அதைப் பற்றி அவ்வூரார் சொல்லும் கதை இது. கிழக்கு மதிலைக் கட்டும் பொறுப்பு ஓர் இளம் அறிஞனிடம் இருந்தது. கட்டக் கட்ட மதில் சரிந்தது. துரோகம் செய்கிறான் என்று ஐயுற்று அவனை மதிலினுள்ளே உயிரோடு வைத்து மூடிவிட்டனர். அவன் மனைவி பின் குவோங் ஓடிவந்து, கணவனை விழுங்கிய கல்லைக் கைகளால் அறைந்து, தலையால் மோதி உயிர்விட்டாள். அக்கல்லிலே அவள் தலையும் கைகளும் பதிந்த குழிகள் என்று சிலவற்றை இன்றும் காட்டுகிறார்கள். வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவோர் இதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கோட்டையைக் கட்டுவித்த அரசனுக்கு அவ்வூரிற் கிடைக்காத தீபமும் தூபமும் அப்பெண்ணுக்குக் கிடைத்திருப்பதைக் கவனிக்கலாம்.

மதில் முடிந்ததும் துவான் தோங்கைப் புதிய நகருக்குக் கொண்டுசென்றான். 1398-இல் அவனை முடிதுறக்கச் செய்து, மூன்று வயதுப் பாலகனான தன் பேரனை அரியணையில் வைத்தான். மறு ஆண்டு, தன் மகளின் கணவனென்றும் பாராமல், துவான் தோங்கைக் கொல்வித்தான். கிழவனுக்குக் கொடுத்த வாக்கு அத்தோடு முடிந்தது. அதே 1399-இல், கோட்டைக்குத் தெற்கேயுள்ள தோன் சோன் குன்றிலே விசுவாசப் பிரமாண வைபவம் ஒன்று நடந்தது. மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குவி லியை அங்கேயே வெட்டிவிடச் சிலர் சதிசெய்தனர். அவர்களுட் தலைவன், சே போங் ஙாவை வீழ்த்திய அதே திரான் காத் சான். கைகலக்க வேண்டிய கணத்தில் அவன் தயங்கினான். குவி லிக்குச் சந்தேகம் தட்டி எழுந்துவிட்டான். அத்தயக்கத்தின் விலை 370-க்கு மேற்பட்ட உயிர்கள். நாட்டைக் காத்த சேனாபதியும் அவர்களுள் ஒருவன்.

1400-ஆம் ஆண்டு, அறுபத்து நான்கு வயதளவில், குவி லி பேரனை நீக்கித் தானே முடிசூடினான். பேரனைக் கொல்லவில்லை, அந்த அளவுக்கு இரத்தபாசம் இருந்தது. லே என்னும் பெயரைக் களைந்து முன்னோரின் ஹோ என்னும் பெயரை மீண்டும் பூண்டான். நாட்டின் பெயரையும் தாய் ஙு என்று மாற்றினான். ஆண்டு முடியுமுன்னரே அரசை இரண்டாம் மகன் ஹோ ஹான் துவோங்குக்கு அளித்துத் தான் முதுபேரரசனானான். திரான் வம்சத்து வழக்கத்தையும் அவனே காப்பாற்றினான் என்று சொல்லலாம்! அவ்வம்சத்து இளவரசியின் வயிற்றிற் பிறந்தவன் என்பதாற்போலும் மூத்தவனை விட்டு இவனைத் தெரிந்தெடுத்தான்.

வடக்கிலே சீனப் பேரரசு விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் அறிந்திருந்தான். பத்து இலட்சம் படைவீரர் எங்ஙனம் கிடைப்பர் என்பதே அவனது ஓயாத கவலை. 1401-இல் இரண்டு வயதுக் குழந்தை முதல் சகலரையும் பதிவேட்டில் ஏற்றினான். பதினைந்து முதல் அறுபது வரையான ஆடவரின் தொகை முன்னிருந்ததைப் போற் பன்மடங்காயிற்று. 1402-இல் சம்பாவிடமிருந்து தெற்கே இரு பிரதேசங்களைப் பெற்றான்; இன்றைய குவாங் நாம், குவாங் ஙாய் பகுதிகள் அவை. அதே ஆண்டு தோன் சோன் குன்றின் சரிவில் வானத்துக்குப் பலியிடும் மேடையொன்றைக் கட்டினர். அதன் படிக்கட்டுகளும் கிணறும் அண்மைக்கால அகழ்வில் வெளிப்பட்டுள்ளன. முதல் வேள்வியன்று ஹான் துவோங்கின் கை நடுங்க, கிண்ணத்து மது நிலத்திற் சிந்திற்றாம். அத்துடன் சடங்கை நிறுத்திவிட்டனர்.

சீனத்தில் மிங் வம்சத்துப் பேரரசன் யோங்லேக்கு ஒரு சாட்டு மட்டுமே வேண்டியிருந்தது. திரான் வம்சத்து வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவன் அவன் அரசவையை அடைந்தான். 1406-இல் சீனப்படை அவனைக் கூட்டிவர, ஹோ படையினர் எல்லையிலே மறித்துப் பிடித்துக் கொன்றனர். பின்னர் யுத்தந்தான்.

யுத்தத்துக்கு முன் அரசவையில் நடந்ததாக நூல்கள் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. சண்டையா சமாதானமா என்று பலரும் விவாதித்துக்கொண்டிருந்தனர். மூத்த மகன் ஹோ ஙுயென் திருங் எழுந்தான். வெடிக்கருவிகள் செய்வதிற் பெருந்திறமை வாய்ந்தவன். அரசு தம்பிக்குப் போனதைப் பற்றி முகஞ்சுளியாதவன். தனக்குச் சண்டையிடப் பயமில்லை, மக்களின் மனம் நம்மோடு வருமா வராதா என்பதே பயம் என்று அவன் சொன்னான். கேட்ட தந்தை கோபிக்கவில்லை. பொன்னாற் செய்த வெற்றிலைப் பெட்டியொன்றை எடுத்து மகனுக்குப் பரிசளித்தான். தன் மனத்துக்குள் உறுத்திக்கொண்டிருந்ததை மகன் வாயாற் கேட்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது. இல்லாவிடிற் பரிசு ஏன்?

மகன் சொன்னதே நடந்தது. சீனச் சேனாபதி ஜாங் பூ, ஹோ குடும்பத்தாரின் குற்றங்களையும், தான் திரான் வம்சத்தை மீட்கவே வந்திருப்பதாகவும் மரப்பலகைகளில் எழுதுவித்து ஆற்றில் மிதக்கவிட்டான். பலகைகள் ஊரூராய் மிதந்து சென்றன. நிலம் இழந்த பிரபுவும், காசு இழந்த குடியானவனும், காவியிழந்த துறவியும், உறவினரைத் தோன் சோனிற் பறிகொடுத்தவனும் அவற்றை வாசித்தனர். பகைவனை எதிர்க்க வேண்டிய கைகள் தளர்ந்தன.

ஆற்றிலே மரக்குற்றிகளை நாட்டியும், தா பாங் என்னும் கோட்டையில் பெரும்படையை நிறுத்தியும் ஹோ குடும்பத்தார் காத்திருந்தனர். 1407-இன் தொடக்கத்தில் சீனர் இரவோடிரவாக அதைத் தாக்கினர். வியட்நாமியர் யானைகளை ஏவினர். சீனரோ குதிரைகளுக்குச் சிங்க உருவம் தீட்டிய போர்வை போர்த்தி, வெடிகளையும் முழக்க, யானைகள் மிரண்டு தம் படையையே மிதித்தன. தா பாங் வீழ்ந்தது. அதன்பின் ஓட்டமே. மூன்று மாதத்தில் எழுந்த கற்கோட்டை மூன்று நாள் முற்றுகையைக்கூட எதிர்கொள்ளாமற் கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில், தெற்கே இன்றைய ஹா தின் கரையோரத்தில், எழுபது வயது கடந்த குவி லி பிடிபட்டான். மக்களும் மறுநாளளவில் அகப்பட்டனர்.

கைதிகள் யாவரும் நான்ஜிங் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இங்கே நம் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதே யோங்லே பேரரசனின் கடற்படைத் தளபதி செங் ஹோ, சில ஆண்டுகளின் பின் இலங்கையில் அழகக்கோனார் எனப்படும் அரசனைச் சிறைபிடித்து, 1411-இல் அதே நகருக்குக் கொண்டுசென்றான். அவனுடைய பேரால் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறித்த கல் காலியிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. நம் நாட்டான் பின்னர் விடுவிக்கப்பட்டான். குவி லி மட்டும் தாய்நாட்டு மண்ணை மறுபடி மிதிக்கவில்லை.

மூத்த மகன் திருங்கின் கைத்திறனை மிங் அரசு விடவில்லை. அவன் அங்கே வெடிக்கருவிகள் செய்யும் பணியில் அமர்த்தப்பட்டு, மந்திரி பதவி வரை உயர்ந்தான். முதுமையில், 1438-இல், தன் நாட்டுக் கதைகளைச் சீனமொழியிலே ஒரு நூலாக எழுதினான். தென்னாட்டுக் கிழவனின் கனவுகள் என்பது அதன் பெயர்ப்பொருள். அதிலே எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் அவன் தந்தை வீழ்த்திய வம்சங்களின் காலத்து நல்லோர்.

திரான் வம்சத்தை மீட்பதாக வந்த சீனர் அவ்வாறு செய்யவில்லை. நாட்டைத் தம் மாகாணமாக்கி இருபதாண்டு ஆண்டனர். அவர்களை 1427-இற் துரத்தியவன் லே லோய். அவனும் அதே தான் ஹோவாவில் பிறந்தவன். அவனுக்கு மதியமைச்சனாய் வாய்த்த ஙுயென் சாய் என்னும் பேரறிஞன், 1400-இல் குவி லி நடத்திய பரீட்சையிலே தேறியவன்.

லே வம்சத்து வரலாற்றாசிரியர்கள் குவி லியை அரசர் வரிசையிற் சேர்க்க விரும்பவில்லை. அபகரித்தவன் என்றே எழுதிவைத்தனர். கடதாசிப் பணத்தில் ஒரு தாளும் அகப்படவில்லை. அரண்மனைகள் மண்ணோடு மண்ணாயின. தெற்கு வாயிலிலிருந்து பலிமேடைக்குச் சென்ற கல் பாவிய அரசவீதியின் ஒரு பகுதியை மட்டும் வயலுக்கடியிலிருந்து தோண்டியெடுத்திருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் நெற்கட்டுச் சுமந்த வண்டிகள் அவன் கட்டிய வளைவுகளுக்குள்ளே நுழைந்து வெளியே போகின்றன.